நாலாவது பாட்டில் யாரோ கூப்பிட்டார்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய், ஆவி, காத்துக்கருப்பு எதையும் நம்புகிற ஆள் இல்லை நான். தஞ்சாவூரில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை. பேய் பிடித்திருக்கிறது என்று கூட்டிவருகிற பெண்களின் ரத்தத்தைப் பார்த்தால் பாதிச் சத்துகூட இருக்காது. "முருங்கைக்கீரைய ஆக்கிப் போடுங்க, பேய் தானா ஓடிடும்" என்று மூஞ்சிக்கு நேராகச் சொல்லி அனுப்புகிறவள். அதனால் இதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது. நானாக இருந்தாலும் சிரித்திருப்பேன்.

என் தம்பி ஆண்டோ சென்னையில் எடிட்டிங் வேலை பார்க்கிறான். அம்மா இறந்த பிறகு லேப்டாப்பை வைத்துக்கொண்டு ஒரு ஆல்பம் செய்தான். பாடுகிற பாட்டு இல்லை, எலக்ட்ரானிக் இசை. எங்கள் வயல் பம்புசெட் சத்தம், மதகில் தண்ணீர் விழுகிற சத்தம், அம்மாவின் மிக்ஸி, மாதா கோயில் மணி, இதையெல்லாம் போனில் பதிவு செய்து, இழுத்து நீட்டி என்னென்னவோ பண்ணி இணையத்தில் போட்டான். எனக்குப் போட்டுக் காட்டியபோது, "என்னடா இது, டிரான்ஸ்பார்மர் முனகுற மாதிரி இருக்கு" என்றேன். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டான். ஆனால் கேட்டவர்கள் அழுதார்கள், அதை நான் மறுக்க முடியாது.

"மனசு என்னவோ பண்ணுது ப்ரோ", "வண்டிய ஓரங்கட்டிட்டு அழுதேன்" என்றுதான் முதலில் கமெண்ட் வந்தது. பிறகு வேதாரண்யத்திலிருந்து ஒரு பெண் எழுதினாள், நாலாவது பாட்டில் செத்துப்போன அவள் அம்மா அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாளாம். அதற்குக் கீழே ஒருவர், விபத்தில் போன தன் அண்ணன் மட்டுமே கூப்பிடுகிற செல்லப் பேரைக் கேட்டதாக எழுதினார். அப்புறம் வரிசையாக அதே கதைதான். எழுதியவர்கள் எல்லாருக்கும் வீட்டில் ஒரு சாவு நடந்திருந்தது. ஆண்டோ அரண்டுபோனான்.

"அக்கா, அந்தப் பாட்டுல மனுஷக் குரலே கெடையாதுக்கா. மதகுத் தண்ணியும் மிக்ஸியும்தான். நீயே பாரு" என்று லேப்டாப் திரையில் ஒவ்வொரு சத்தமாகத் திறந்து காட்டினான்.

"பஸ்ல ஒருத்தன் கொட்டாவி விட்டா டிரைவர் வரைக்கும் விடுறதில்ல? அது மாதிரிதான்டா இதுவும்" என்றேன். ஹெட்போன் மாட்டி நானும் கேட்டேன். எனக்கு ஒரு மண்ணும் கேட்கவில்லை.

அம்மாவின் முதல் வருஷப் பூசைக்குத் திருப்பனந்தாள் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊருக்குப் போனோம். அப்பா பாதியாக இளைத்திருந்தார். சட்டை கொடியில் காய்கிற மாதிரி உடம்பில் தொங்கியது. அம்மா போனதிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. எல்லா டெஸ்டும் நானே எடுத்துப் பார்த்துவிட்டேன், ஒரு வியாதியும் இல்லை. இப்படியே போனால் அடுத்த வருஷம் இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் பூசை வைக்க வேண்டும் என்று உள்ளுக்குள் அடித்துக்கொண்டது. போதாததற்கு அவருக்குச் சுத்தமாகக் காதும் கேட்காது. ஒரு காய்ச்சலில் போனது, மிஷின் வைத்தும் பிரயோசனம் இல்லை. வாயசைவைப் பார்த்துத்தான் பதில் சொல்வார்.

எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. உச்சி வேளையில் ஆள் தெரியாமல் குரல் மட்டும் வந்தால் உடனே பதில் கொடுக்க மாட்டார்கள். மூன்று தடவை கூப்பிட்டால்தான் மனுஷர். அதற்கு முன்னால் வாய் திறந்தால், கூப்பிட்டது ஆளைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்விடும் என்பார்கள். மாதா கோயில் சாமியார் எவ்வளவோ திட்டியும் யாரும் விடவில்லை. அப்பாவுக்குக் காது கேட்ட காலத்தில், மத்தியானம் அவரைச் சாப்பிடக் கூப்பிட அம்மா சமையலறையிலிருந்து மூன்று தடவை தொண்டை கிழியக் கத்த வேண்டும்.

கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்தபோது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. ஆண்டோ கூடத்தில் ஸ்பீக்கரை வைத்து, "அம்மாவுக்காகச் செஞ்சது, அவங்க வீட்டுல ஒரு தடவ ஓடட்டும்" என்றான்.

அப்பாவின் தங்கை பிலோமினா அத்தைக்குப் பிடிக்கவில்லை. "உச்சி வேளையில வேணாம்ப்பா, சாயங்காலமாப் போட்டுக்கயேன்" என்றாள்.

"ஆமா, பேய் வந்து டான்ஸ் ஆடப்போவுது. நீ போடுடா" என்றது சாட்சாத் நான்தான்.

அப்பா சமையலறைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அத்தை ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள். மூன்று பாட்டு போனது. நாலாவதில் தண்ணீர்ச் சத்தம் மெல்ல ஏறி வந்த இடத்தில், நம்பினால் நம்புங்கள், அப்பாவின் தலை திரும்பியது. ஸ்பீக்கர் அவருக்கு எதிரில் இருந்தது, அவர் திரும்பியது சமையலறைப் பக்கம். தரை அதிர்ந்திருக்கும், அதனால் திரும்பியிருப்பார் என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். மறுபடியும் திரும்பினார். இந்தத் தடவை அவர் முகம் மலர்ந்திருந்தது, ஒரு வருஷமாக நான் பார்க்காத முகம். ஆண்டோவைப் பார்த்தால் அவன் வெளிறிப்போய் இரண்டு கையாலும் தன் வாயை மூடிக்கொண்டிருக்கிறான். அத்தை ஜெபமாலையைக் கீழே போட்டுவிட்டாள்.

"அண்ணே, வாயத் தொறக்காத! அது அண்ணி இல்ல!" என்று அலறினாள். காது கேட்காத மனுஷரிடம் அலறி என்ன செய்வது? அப்பா முழங்காலில் கையை ஊன்றி எழுந்தார். பதில் சொல்ல வாயைத் திறந்தார்.

எப்படிப் பாய்ந்தேன் என்று எனக்கே தெரியாது. அவர் வாயைப் பொத்திவிட்டேன். உள்ளங்கையில் அவர் மூச்சு சுட்டது, ஒரு வார்த்தை உள்ளுக்குள் முட்டி நெளிந்தது. "வேணாம்ப்பா, வேணாம்ப்பா" என்று அழுதுகொண்டே இன்னும் அழுத்தினேன். ஆண்டோ ஒயரைப் பிடுங்கிய பிறகுதான் கையை எடுத்தேன். ஓடிப்போய்ப் பார்த்தால் சமையலறையில் ஈ காக்கை இல்லை, மூடி வைத்த சட்டி மூடியபடி இருந்தது.

ஆண்டோவுக்கும் கேட்டதாம், அத்தைக்கும் கேட்டதாம். எனக்கு மட்டும் தண்ணீர்ச் சத்தம்தான். எல்லாரையும் கூப்பிட்டவள் என்னை ஏன் கூப்பிடவில்லை என்று, சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்தப் பயத்திலும் எனக்கு அழுகையாக வந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அப்பா என்னைப் பார்த்தார். கோபம்கூட இல்லை அந்தப் பார்வையில்.

"'ஏங்க, சாப்பிட வாங்க'ன்னா. மொத தடவ நான் வாயத் தொறக்கல. ரெண்டாவது தடவையும் தொறக்கல. மூணாவது தடவையும் கூப்பிட்டாடி. அதுக்கப்புறமும் பதில் சொல்ல விடாமப் பண்ணிட்டியே" என்றார்.

அன்று அவராகவே இலை முன்னால் வந்து உட்கார்ந்து வயிறு நிறையச் சாப்பிட்டார். அதிலிருந்து ஒரு வேளை தவறியதில்லை. உடம்பும் தேறிவிட்டது, ஆள் நன்றாக இருக்கிறார். என்னிடம் மட்டும் அளந்துதான் பேசுகிறார். பேசாவிட்டால் போகட்டும், உயிரோடு இருக்கிறாரே, மறுபடி அப்படி நடந்தாலும் நான் பொத்தத்தான் செய்வேன் என்று என்னை நானே தேற்றிக்கொள்கிறேன்.

ஆனால் அந்த மதியத்துக்குப் பிறகு ஆல்பத்தைக் கேட்கிற புது ஆட்கள் ஒருவரும் தங்களை யாரோ கூப்பிட்டதாக எழுதுவதில்லை. ஆண்டோ அந்தப் பாட்டில் கை வைக்கவே இல்லை என்று மாதா மேல் சத்தியம் செய்கிறான். போன வாரம் முன்பின் தெரியாத ஒரு பெண் எழுதியிருந்தாள்: "நாலாவது பாட்ட முழுசா கேக்க முடியல. யாரோ ஒரு அம்மாவோட வாயக் கையால பொத்தி வச்சிருக்காங்க, அந்தம்மா உள்ளேருந்து பேசப் பாக்குறாங்க. அந்தக் கைய எடுக்கச் சொல்லுங்களேன், ப்ளீஸ்."

அன்றைக்கு நான் பொத்தியது அப்பாவின் வாயைத்தான். சத்தியமாக அப்பாவின் வாயைத்தான்.