தாமரையின் ஞானஸ்நானம்

அவள் வரக்கூடாது. இன்று மட்டுமாவது அவள் வரக்கூடாது... அடுப்படியில் நின்று கைப்பேசியில் மணியைப் பார்த்தபடி, சபை ஊழியக்காரியான நான் மனத்துக்குள் செய்த ஜெபம் இதுதான்.

மணி 4.18.

நம்புவது உங்கள் விருப்பம். எனக்கு நடந்ததை எழுதுகிறேன். நேரத்தைக்கூட மாற்றவில்லை. ஊர்ப் பெயரை மட்டும் விட்டுவிடுகிறேன். அங்கே இன்னும் ஒன்பது குடும்பங்கள் இருக்கின்றன.

செமினி டவுனைத் தாண்டி, செம்பனைக் காட்டுக்குள் பத்து கிலோமீட்டர் மண் சாலை. தோட்டம் கைமாறிய பிறகும் போக இடமில்லாமல் தங்கிவிட்டவர்களின் பழைய லயம், ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகள். அதற்குப் பின்னால் ஆறு. நானும் என் கணவர் பாஸ்டர் ஜெயராஜும் அங்கே ஆறு வருடம் ஊழியம் செய்தோம். 2024 ஏப்ரல் கடைசியில் அவருக்கு டிங்கிக் காய்ச்சல் கண்டது. நான்கு பேர் தூக்கி லோரியில் படுக்கவைத்தார்கள். கிள்ளான் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். காய்ச்சல் சிறுநீரகத்தைக் கெடுத்தது. நாங்கள் திரும்பிவரப் பத்து மாதம் ஆனது.

புறப்பட்ட அன்று லோரிக்குப் பக்கத்தில் தாமரை ஓடிவந்தாள். விஜயனின் மனைவி. மூன்று மாதமாக ஞானஸ்நானம் கேட்டுக்கொண்டிருந்தவள்.

"எனக்கு எப்பக்கா?"

"ஜூன்ல வந்திருவோம் தாமரை. வெயிட் பண்ணு."

ஜூனுக்கு ஒரு காரணம் இருந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை. பணம் அனுப்பி எங்களைத் தாங்குகிற பிரிக்ஃபீல்ட்ஸ் சபையார் அந்த மாதம் ஊரைப் பார்க்க வருவதாக இருந்தது. அவர்கள் கண்முன்னே ஆற்றில் முக்கித் தூக்குகிற ஒரு ஞானஸ்நானம் நடந்தால் படம் எடுப்பார்கள். ஆறு வருடத்தில் காட்டுவதற்கு எங்களிடம் ஒரு நல்ல படம் இல்லை. அவளைக் காத்திருக்க வைத்தது ஜெயராஜ் இல்லை. நான்.

பிப்ரவரி 11, செவ்வாய். காலை 11.40க்கு எங்கள் வீட்டுக் கதவைத் திறந்தோம். எலிப் புழுக்கை, கறையான், தண்ணீர்த் தொட்டியில் செத்த பல்லி. ஜெயராஜால் குனிய முடியாது. நாற்காலியில் உட்கார்ந்து வேதப் புத்தகங்களைத் துடைத்தார். நான் கூட்டிக் கழுவினேன். ஞானஸ்நானத்துக்கு என்று வைத்திருந்த வெள்ளைச் சேலைகளை வெயிலில் போடலாமென்று இரும்புப் பெட்டியைத் திறந்தேன். அதன் சாவி பத்து மாதமும் என் கைப்பையில்தான் இருந்தது.

மேலே இருந்த சேலை ஈரமாக இருந்தது. மடிப்பில் ஆற்று மணல். கூரை ஒழுகியிருக்கும் என்று நினைத்துக் கொடியில் போட்டேன்.

4.20க்குப் பின்கதவு தட்டப்பட்டது.

டொக்... டொக்... டொக்...

தாமரை. படிக்குக் கீழே நின்றாள். கூந்தலிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"வந்துட்டீங்களாக்கா?"

"குளிச்சிட்டு நேரா வரியா? உள்ள வா, தேத்தண்ணி போடறேன்."

"ஞானஸ்நானம் நாளைக்குக் குடுப்பீங்களா?"

"பாஸ்டர்கிட்ட கேக்கறேன் இரு."

அடுப்பைப் பற்றவைத்துத் திரும்பினேன். ஆள் இல்லை. அவள் நின்ற சிமெண்டுத் தரையைப் பார்த்தேன். அங்கே ஒரு சொட்டு ஈரம் இல்லை.

புதன்கிழமை வீடு வீடாகப் போனோம். ஊர் திரும்பினால் எல்லா வீட்டிலும் ஜெபிப்பது எங்கள் வழக்கம். யாரும் எங்களை உள்ளே கூப்பிடவில்லை. சாப்பிடாமல் போனால் திட்டுகிற ரமணி அக்கா, வாசலிலேயே கிளாஸை நீட்டினாள்.

"என்னக்கா, நாங்க என்ன புது ஆளா?"

"வீடு குப்பையா கெடக்கு லா." அவள் கண் ஜெயராஜ் மேலேயே இருந்தது. "பாஸ்டர் ஏன் இப்படி எளைச்சிட்டாரு? அன்னைக்கு நல்லாத்தானே நடந்து வந்தாரு."

என்றைக்கு? கடைசியாக அவள் பார்த்தபோது அவரால் எழுந்து நிற்கவே முடியவில்லையே. கேட்பதற்குள் கதவைச் சாத்திவிட்டாள்.

தாமரையின் வீடு பூட்டியிருந்தது. பூட்டில் துரு.

4.20. டொக்... டொக்... டொக்...

இந்த முறை படிமேல் நின்றாள். வெள்ளைச் சேலையில். கொடியைப் பார்த்தேன். காலியாக இருந்தது.

"அது... யாரு எடுத்துக் குடுத்தா?"

"நீங்கதானக்கா கட்டிவிட்டீங்க."

ஜெயராஜிடம் சொன்னேன். களைப்பு, என்றார்.

வியாழன். அவர் கேஸ் வாங்கச் செமினிக்குப் போயிருந்தார். முன்கதவையும் பின்கதவையும் தாழிட்டேன். கைப்பேசியைப் பிடித்தபடி அடுப்படியில் நின்றேன்.

4.19.

காற்று நின்றது.

4.20.

டொக்...

பின்கதவில்தான். ஆனால்...

உள்பக்கத்திலிருந்து.

ஆற்று வாடை. என் பிடரியில் குளிர்ச்சி. காதோரம் குரல்.

"தூக்கிவிடுங்கக்கா..."

நான் திரும்பவில்லை.

"முக்குனீங்க... தூக்க மறந்துட்டீங்க."

ஓடினேன்.

லயத்தின் கடைசி வீட்டில், தன் அண்ணன் வீட்டு வாசலில் விஜயன் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்தும் எழவில்லை.

"வந்தாளா சிஸ்டர்?"

தலையசைத்தேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"மே பதினேழு, வெள்ளிக்கிழமை. நீங்களும் பாஸ்டரும் நடந்து வந்தீங்க. பாஸ்டருக்கு நல்லாயிருச்சுன்னு நாங்க சந்தோசப்பட்டோம். நீங்கதான் அவளுக்குச் சேல கட்டினீங்க. ஊரே கரையில நின்னுச்சு. நாலு இருபதுக்கு ரெண்டு பேரும் புடிச்சு முக்குனீங்க. அவ வெளிய வரல. நீங்க அந்தப் பக்கம் கரை ஏறிப் போயிட்டீங்க... திரும்பியே பாக்கல. ரெண்டு நாள் கழிச்சுத்தான் அவ கெடச்சா. போலீசு ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு விசாரிச்சிட்டு, அவங்க ரெண்டு பேரும் ஆஸ்பத்திரியிலதான் இருக்காங்க, நீ குடிச்சியான்னு கேட்டாங்க."

மே பதினேழு. ஜெயராஜ் ஐசியூவில் நினைவில்லாமல் கிடந்த நாள். நான் வெளியே நாற்காலியில் இருந்தேன். அன்று மத்தியானம் அப்படியே தூங்கிவிட்டேன். விழித்தபோது சுவர்க் கடிகாரத்தில் 4.35. என் சேலை முழங்கால்வரை நனைந்திருந்தது. தரை துடைத்த தண்ணீர் பட்டிருக்கும் என்று அன்று நினைத்துக்கொண்டேன். தரை துடைக்கிற தண்ணீர் முழங்காலுக்கு ஏறாது என்று இதுவரை எனக்குத் தோன்றியதில்லை.

விஜயன் கைப்பேசியை எடுத்தான்.

"நான் ஒரு படம் புடிச்சேன் சிஸ்டர். போலீசுக்குக்கூட காட்டல. கிட்டத்துல எடுத்தது, மொகம் தெளிவா இருக்கு. பாத்துட்டு, இது நான் இல்லைன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. ஒம்பது மாசமா தூங்கல. அந்த ஒரு வார்த்த போதும்."

நான் ஆசைப்பட்ட படம். ஆறு, வெள்ளைச் சேலை, கரையில் ஊர்.

அவன் அழுதுகொண்டிருந்தான். கைப்பேசியை வாங்கினேன். திரையைப் பார்க்காமலே கவிழ்த்து, அவன் உள்ளங்கையிலேயே திரும்ப வைத்து, விரல்களை மூடினேன்.

"வேணாம் விஜயன்," என்றேன்.