சுருதிப்பெட்டியின் மூன்று அட்டைகள்

முன்பின் பார்த்திராத ஆயிரம் பேருக்கு ஒரே அளவில் ரவிக்கை தைப்பதுதான் பத்திரிகைக்குப் பக்கம் வடிவமைக்கும் தொழில்.

வீட்டு வேலை போதாதென்று இன்னொரு வேலையையும் இழுத்துப் போட்டுக்கொண்டு அல்லாடும் சகோதரிகளுக்கு இது புரியும். வெளிநாட்டுச் சரக்குக்கு நாடு கதவைத் திறந்துவிட்டது என்று பேப்பர்காரர்கள் எழுதிக்கொண்டிருந்த வருஷங்கள். திருப்பதியில் கல்யாணப் பத்திரிகை அச்சடித்துக்கொண்டிருந்த என் கொழுந்தன் பாஸ்கர் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினான். வாங்கிய பிறகு அதற்கு வேலை தேடினான். ஆந்திர எல்லையோரத் தமிழர்களுக்காக 'சுருதிப்பெட்டி' என்று ஒரு இசை மாத இதழ் பிறந்தது அப்படித்தான். நான் சித்தூர் கான்வென்டில் படித்தவள். படம் வரைவேன், மற்றவர் வரைந்ததைக் குறை சொல்வேன். ஆகவே வடிவமைப்பு என் தலையில்.

"மூணு இதழ் பார்ப்போம் அண்ணி. மூணாவதும் விக்காம திரும்பி வந்தா மூடிட்டு கல்யாணப் பத்திரிகைக்கே போயிடலாம்" என்றான். ரேஷன் கார்டையும் என் கல்யாணப் பத்திரிகையையும் தவிர வேறெங்கும் அச்சாகாத என் பெயர் அதில் அச்சாகப் போகிறது. மூட விடுவேனா?

வெள்ளையாக விட்ட இடம்

அமெரிக்காவிலிருந்து என் தங்கை அனுப்பிய ஆங்கில இசைப் பத்திரிகையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முதல் இதழைப் போட்டேன். அட்டை முழுக்க வெள்ளை. கீழ் மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரே ஒரு வீணை. உள்ளே ராகங்களைப் பற்றி மூன்று கட்டுரைகள், சுற்றிலும் தாராளமான ஓரம். எனக்கு டிராயிங் சொல்லிக்கொடுத்த சிஸ்டர் பார்த்திருந்தால் முதுகில் தட்டியிருப்பார்.

நகரி பஸ் ஸ்டாண்டுக் கடைக்கு ஐம்பது அனுப்பினோம். நாற்பத்தாறு திரும்பி வந்தன. கோபத்தோடு பஸ் ஏறிப் போய் நின்றேன். கடைக்காரர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கரிசனமாகக் கேட்டார்: "பாதி பேப்பர் சும்மாவே கீதேம்மா, மசி தீந்து பூட்ச்சா?"

கன்னியம்மாவின் நோட்டு

போனது போனோம், வாங்காதவர்கள் முகத்தையாவது பார்ப்போம் என்று பக்கத்துத் தெருத் தறிக்கூடத்தில் நுழைந்தேன். நூல் சுற்றிக்கொண்டிருந்த கன்னியம்மா, டேப்பில் ஓடிய தமிழ்ப் பாட்டைச் சரணம் வரை பிசகாமல் கூடவே பாடினாள். இவளல்லவா என் வாசகி என்று இதழை நீட்டினேன். படங்களை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

பிறகு மாடத்திலிருந்து ஒரு நோட்டை எடுத்துக் காட்டினாள். நூறு பாட்டாவது இருக்கும். எல்லாம் தமிழ்ப் பாட்டு. அத்தனையும் தெலுங்கு எழுத்தில். நான் விழிப்பதைப் பார்த்து அவளுக்கே பாவமாகிவிட்டது. "பாட்டு தமிழ்லதான் பாடுவோம்க்கா. இஸ்கூல்ல சொல்லிக் குட்த்தது தெலுங்கு. நீ தமிழ்ல அட்ச்சி எட்த்துக்கினு வந்தா நா எங்க போயி படிக்கறது?"

புலவர் ஐயாவின் கோபம்

இரண்டாவது இதழில் கட்டுரைகளைத் தூக்கிவிட்டுப் பாட்டுகளைப் போட்டேன். இடது பக்கம் தமிழ் எழுத்து, வலது பக்கம் அதே பாட்டு, அதே வரி, தெலுங்கு எழுத்து. எங்கள் இதழுக்கு ஆசிரியரான புலவர் ஐயா, புத்தூரில் தமிழ் வாத்தியாராக இருந்து ரிட்டையரானவர், என் வீட்டுக் காபியைத் தொடாமல் தள்ளி வைத்தார். "இப்படிப் போட்டால் தமிழ் செத்துவிடும் அம்மா" என்றார். "கட்டுக் கட்டாகத் திரும்பி வந்தால் மட்டும் உயிரோடு இருக்குமா ஐயா?" என்றேன். காபி ஆறிப்போயிற்று.

இதழ் வெளியான மறுவாரம் அவரே வந்தார். தெலுங்கு மீடியத்தில் படிக்கும் பேத்தி, வலது பக்கத்தைப் பார்த்து ஒரு தமிழ்ப் பாட்டை முழுசாகப் பாடியிருக்கிறாள். பாடி முடித்து இவரிடம் அர்த்தமும் கேட்டிருக்கிறாள். இந்த முறை காபியைக் குடித்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "அந்த வலது பக்கத்து எழுத்து ரொம்பப் பொடியா இருக்கு, கொஞ்சம் பெருசா போடுங்க."

மேடைக்கு வந்த சீட்டுகள்

ஆனாலும் பாதிதான் விற்றது. பாஸ்கர் வைத்த கெடுவில் மிச்சமிருந்தது ஒரே ஒரு இதழ். அட்டையில் சினிமாப் பாடகர் படம் போடலாம் என்று பாஸ்கர் பிடிவாதம் பிடித்தான். நான் விஜயபுரம் பக்கத்தில் ஒரு ஊர் ஜாத்திரைத் திருவிழாவுக்குப் போய், சாயங்காலம் ஆர்கெஸ்ட்ரா மேடைக்குப் பின்னால் உட்கார்ந்தேன்.

பாட்டு வேண்டுமென்றால் அங்கே சீட்டு எழுதி மேடைக்கு அனுப்ப வேண்டும். என்ன பாட்டு, கேட்பது யார், யாருக்காக. குவைத்தில் இருக்கும் மாமாவுக்காக, பெங்களூர் கம்பெனிக்குப் போன அண்ணனுக்காக. கூடவே சிபாரிசு செய்யும் நண்பர்கள் எட்டுப் பேர். அத்தனையையும் வாசித்த பிறகுதான் பாட்டு. ஜனங்கள் பாட்டைவிடப் பெயருக்குத்தான் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். நேரம் மிச்சமாகுமே, நாலு பெயரை விட்டுவிடக் கூடாதா என்று அறிவிப்பாளரிடம் கேட்டேன். என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "பாட்டுல ஒரு சரணத்த முழுங்கினா மன்னிச்சுடுவாங்கம்மா. பேர்ல ஒன்ன முழுங்கினா மேடைய வுட்டு எறங்க வுடமாட்டாங்க."

மூன்றாவது அட்டை

அறிவிப்பாளர் வீசி எறிய இருந்த சீட்டுகளை முந்தானையில் கட்டிக்கொண்டு வந்தேன். அப்படியே அட்டையில் பரப்பினேன். கோணல் கையெழுத்து, தமிழ், தெலுங்கு, பஜ்ஜி எண்ணெய்க் கறை எல்லாம் இருந்தபடி. கட்டைவிரல் வைக்க இடமில்லை. உள்ளே ஒவ்வொரு பாட்டின் தலையிலும் கேட்டவர் பெயர், ஊர், யாருக்காக.

"குப்பைக்கூடை மாதிரி இருக்கு அண்ணி" என்றான் பாஸ்கர். "நீ அடிக்கிற கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெண்ணுக்குக் கீழே முப்பது பேர் பெயர் போடுகிறாயே, அது எதற்கு?" என்றேன். போய் மெஷினை ஓட்டினான்.

நாலே நாளில் நகரியிலும் புத்தூரிலும் சத்தியவேட்டிலும் ஒரு பிரதி இல்லை. பாஸ்கர் மறுபடி அச்சடிக்கக் காகிதத்துக்கு ஓடிய நேரத்தில், வேர்க்கடலை விவசாயி ஒருவர் இரண்டு பஸ் மாறி அச்சகத்துக்கே வந்துவிட்டார். அட்டையில் இடது மேலே இருந்தது அவர் சீட்டு. எங்களிடம் இருப்பது ஃபைலில் வைத்த ஒரே பிரதி, நாளைக்கு வாருங்கள் என்றேன். அவர் நகரவே இல்லை. "அட்டைய மட்டும் கிழிச்சிக் குடும்மா, குவைத்துல கீற புள்ளைக்கு அனுப்பணும். உள்ள கீறத நீயே வெச்சிக்கினு படி."

ஆக, சக கஷ்டவாளிகளே, கான்வென்டில் நான் கற்ற அழகுணர்ச்சி மொத்தமும் தோற்ற இடத்தில் ஊராரின் கோணல் கையெழுத்து ஜெயித்தது. அதற்குக் கீழே 'வடிவமைப்பு' என்று என் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டுக்கொள்ள எனக்குக் கொஞ்சமும் கூச்சமாக இல்லை.