ஷிஃப்ட் முடிந்து தூங்கும் செல்கள்

எண்பதுகளின் தொடக்கத்தில் திருச்சியில் ஒரு மருத்துவமனை லேப்பில் டெக்னீஷியனாக இருந்தேன். ஸ்ரீரங்கத்திலிருந்து தினமும் டவுன் பஸ்ஸில் வருவேன். மைக்ராஸ்கோப்பில் நான் ரத்த அணுக்களை எண்ணினால் தப்பு வராது என்று எனக்கே கொஞ்சம் தலைக்கனம் உண்டு. அதை இறக்கி வைத்தவள் ஒன்பது வயது செல்வி.

அவளுக்கு ரத்தப் புற்றுநோய். அப்பா ஆரோக்கியசாமி கைலாசபுரம் ஃபேக்டரி குவார்ட்டர்ஸ்காரர், அந்த ஃபேக்டரியில் வெல்டர். நோய்க்கான ஊசி போட்டதும் செல்வியின் வெள்ளை அணுக்கள் மளமளவென்று இறங்கிவிடும். அவை இரண்டாயிரத்தைத் தாண்டினால்தான் அடுத்த ஊசி என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார்.

அன்று காலை ஆரோக்கியசாமி லேப் வாசலில் நின்றார். "இன்னைக்காவது ரெண்டாயிரம் வந்துடுமா மேடம்? ஊசி தள்ளிப்போனா நோய் திரும்பிடுமோன்னு பயமா இருக்குங்க" என்றார்.

எண்ணிக்கை குறைவாக இருந்தால் இரண்டு முறை எண்ணிச் சராசரியை எழுதுவது எங்கள் வழக்கம். முதல் முறை ஆயிரத்து எழுநூறு. அடுத்த முறை இரண்டாயிரத்து நூறு. சராசரி இரண்டாயிரத்தைத் தொடவில்லை. நான் இரண்டாவதை மட்டும் ரிப்போர்ட் சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எண்ணியதைத்தானே எழுதினோம் என்று மனதுக்குள் ஒரு சப்பைக்கட்டு வேறு.

சீட்டு வார்டுக்குப் போன பிறகு எனக்கு வேலையே ஓடவில்லை. மாடிப்படியில் ஓடினேன். நர்ஸ் மருந்தை சிரிஞ்சில் ஏற்றிக்கொண்டிருந்தார். "போடாதீங்க!" என்று கத்திவிட்டேன்.

நடந்ததைச் சொன்னதும் டாக்டரம்மா ஊசியை நிறுத்திவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டார்.

"பெருகிட்டு இருக்கற செல்லத்தான் இந்த மருந்து அடிக்கும். எலும்பு மஜ்ஜையில ரத்தத்துக்கே மூலமான செல்லுங்க கொஞ்சம் இருக்கு. பெரும்பாலும் அதுங்க தூங்கிட்டே கிடக்கறதாலதான் தப்பிக்குது. ரத்தம் குறைஞ்சதைப் பார்த்து இப்பதான் எழுந்து வேலை பார்க்குது. இந்த நேரத்துல மறுபடி அடிச்சா, அப்புறம் ரத்தத்த யார் உண்டாக்குறது? நீங்க யாருக்குப் பாவம் பார்த்தீங்க? அப்பாவுக்கா, பொண்ணுக்கா?"

வெட்கமாக இருந்தது.

ஆரோக்கியசாமியிடம் என்னையே சொல்லச் சொன்னார். செய்த தப்பை முதலில் சொன்னேன். பிறகு, "அண்ணே, செல்விக்குள்ள நைட் ஷிஃப்ட் ஆளுங்க கொஞ்சம் பேர் இருக்காங்க. போன ஊசியப்ப தூங்கிட்டு இருந்ததால பிழைச்சாங்க. இப்ப எழுந்து வேலை பார்க்கறாங்க. முடிச்சுட்டுத் திரும்பத் தூங்கட்டும், அப்புறம் ஊசி போடலாம்" என்றேன்.

அவர் என்னை முறைத்துப் பார்த்தார். கட்டிலில் இருந்த செல்விதான் பேசினாள்.

"அப்பா நைட் ஷிஃப்ட் போயிட்டு வந்து தூங்குறப்ப நாங்க ரேடியோகூட வைக்க மாட்டோம்க்கா."

அதற்குப் பிறகு பார்க்க வந்தவர்களையெல்லாம் அவள் மெதுவாகப் பேச வைத்தாள். டாக்டரம்மாவும் தப்பவில்லை.

ஆறாம் நாள் முதல் முறை எண்ணியதில் மூவாயிரத்து நூறு. அடுத்த முறை மூவாயிரத்து முந்நூறு. இரண்டையும் எழுதி, கீழே சராசரியை எழுதினேன். ஓய்வு பெறும்வரை அப்படித்தான் எழுதினேன். அன்று சீட்டை நானே கொண்டுபோனேன்.

செல்வி என் காதருகே வந்து, "எல்லாரும் தூங்கிட்டாங்களாக்கா?" என்று கேட்டாள்.

"தூங்கிட்டாங்கடா கண்ணு."

ஊசிக்குக் கையை நீட்டினாள்.

இன்று அவள் துவாக்குடியில் குடும்பம் நடத்துகிறாள். லேப் வேலைக்கு வரும் பிள்ளைகளே, வாசலில் நிற்பவர்களைப் பார்த்தால் மனது இளகத்தான் செய்யும். இளகட்டும். ஆனால் சீட்டில் எழுதும்போது உள்ளே கட்டிலில் படுத்திருப்பவரை நினைத்துக்கொள்ளுங்கள்.