கல்லைப் புரட்டாத நவமணி டீச்சர்

கரடியனாற்றில் எங்கள் வயல் வட்டையில் நெல் வெட்டு நடந்துகொண்டிருந்தபோதுதான் தொலைபேசி வந்தது. "டீச்சர், நவமணி டீச்சர் மோசம் போயிட்டாங்க" என்றார் எங்கள் பாடசாலையின் பழைய அதிபர். இயந்திரச் சத்தத்தில் கேட்காதவள்போலத் திரும்பவும் சொல்ல வைத்தேன். கேட்டிருந்தது. அவர் இறந்துவிட்டார் என்பதை நம்பத்தான் முடியவில்லை.

புளியந்தீவுப் பாடசாலையில் நெடுங்காலம் பக்கத்துப் பக்கத்துக் கதிரைகளில் இருந்தவர்கள் நாங்கள். நான் தமிழ், அவர் விலங்கியல். ஐரோப்பியக் குளங்களில் வாழும் நியூட் என்ற வால் உள்ள சிற்றுயிர்மீது அவருக்குத் தீராத ஆசை. இலங்கையில் அது கிடையாது. ஆனாலும் வாசிக்க யார் என்ன கேட்டாலும் அதைப் பற்றிய புத்தகத்தைத்தான் தூக்கிக் கொடுப்பார். அதிலும் ஒழுங்கு உண்டு. முதலில் குளங்களைப் பற்றிய மெல்லிய நூல், பிறகு அதன் வாழ்க்கையைச் சொல்லும் தடித்த நூல், படப்புத்தகம் கடைசியில். "படத்த முதல் பார்த்தா மறுகா ஒருத்தரும் வாசிக்கமாட்டாங்க" என்பார். நான் அதற்கு "நீர்ப்பல்லி" என்று பெயர் வைத்து நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். "பல்லி இல்லகா! அது தவளைட சொந்தம்." பெண் நியூட் ஒவ்வொரு முட்டையையும் நீர்ச்செடியின் இலைக்குள் மடித்து வைப்பதை, வெற்றிலை மடிப்பதுபோல விரலால் செய்து காட்டுவார்.

உயிரோடு ஒன்றைக் காண வேண்டும் என்பதுதான் அவர் வாழ்நாளில் தனக்கென்று கேட்டது. இங்கிலாந்தில் இருக்கும் மகள் மாதங்கி, தன் தோட்டத்துக் குளத்துக்கு அவை வருவதை அறிந்ததும், அம்மாவைக் கேட்காமலே மார்கழிக்கு விமானச் சீட்டு எடுத்துவிட்டார். எங்கள் ஊர்ப் பிள்ளை அல்லவா, மாரி மழைக்குத்தானே தவளை கத்தும் என்று நினைத்துவிட்டார். அங்கே மார்கழி, அவை நிலத்தில் ஒளிந்து உறங்கும் காலம். டீச்சருக்கு அது தெரியும். வாய் திறக்காமல் போய்வந்தார்.

"குளம் ஐஸ் பிடிச்சுக் கிடந்திச்சு. கரையில ஒரு கல். அதுக்குக் கீழதான் படுத்திருக்கும். புரட்ட மனம் வரல்ல. நித்திரையக் குழப்பினா பாவம்" என்றார் என்னிடம். "மகளுக்குச் சொல்லிராதீங்க. பிள்ளை ஆசையா எடுத்த டிக்கட்."

பிறகு மகளுக்கே விஷயம் விளங்கி, இந்தச் சித்திரைக்கு மறுபடியும் சீட்டு எடுத்திருந்தார். பங்குனியிலேயே நெஞ்சுவலி வந்துவிட்டது. இன்னும் ஒரு மாதம் இருந்திருக்கக் கூடாதா?

மாதங்கி வந்து சேர்ந்தபோது சவப்பெட்டியை மூட ஆயத்தமாகியிருந்தார்கள். அவர் கைத்தொலைபேசியை எடுத்தார். தான் வழியில் இருந்தபோது கணவர் அனுப்பிய காணொளியைத் திறந்தார். தோட்டத்துக் குளத்தில், முதுகு முழுக்கக் கொண்டை விரித்து, ஒரு நியூட் வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. திரையைத் தாயின் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"அம்மா, வந்திட்டும்மா. இஞ்ச பாருங்க. ஒருக்காக் கண்ணத் திறங்கம்மா."

ஒருவரும் அவரைத் தடுக்கவில்லை. காணொளி முடிய முடியத் திரும்பவும் ஓடவிட்டார். பக்கத்தில் நின்று நானும் பார்த்தேன். நான் பார்த்து என்ன செய்ய, நவமணி? போய் வாருங்கள்.