இரண்டாவது உருண்டை

காரிமங்கலம் சந்தைத் திடலில் புளியமரத்தடியில் சின்னக்கா களிக்கடை வைத்திருந்தாள். அவள் அரைத்த காரத்தைத் தொட்ட கையோடு மூக்கணாங்கயிற்றைப் பிடித்த வண்டிக்காரனுக்குத் தர்மபுரி போய்ச் சேரும்வரை சாட்டை தேவைப்படாது. யுத்த காலத்தில் பெட்ரோல் இல்லாமல் பஸ்ஸுக்குப் பின்னால் கரியடுப்பு கட்டி ஓட்டினார்களே, அப்படியொரு பஸ் சந்தை மேட்டில் ஏற மாட்டேன் என்று நின்றுவிட்டது. டிரைவர் இறங்கிவந்து ஓர் உருண்டை களியும் இரண்டு விரல் காரமும் தின்றார். திரும்பிப் போய் அடுப்புக்குள் ஒரே ஒரு மூச்சு ஊதினார். பஸ் கிருஷ்ணகிரியில்தான் நின்றது. பாதிப் பிரயாணிகள் அதற்குள் ஏறவே இல்லை.

இதெல்லாம் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். ஆனால் சின்னக்காவின் பானையில் பால், மோர், நெய், மாமிசம் எதுவும் விழுந்ததில்லை என்பதில் ஒரு சொல்கூட மிகை கிடையாது.

அவள் பிறந்தது வத்தல்மலை அடிவாரத்தில். அவள் பிறப்பதற்கு முந்தின வருஷம் கோமாரி வந்து பட்டியில் இருந்த மாடுகளை எல்லாம் கொண்டுபோனது. ஒரு பசுவும் அதன் கன்றும் மட்டும் காலை மடக்கிக்கொண்டு கிடந்தன. இந்த இரண்டும் பிழைத்தால் இனி எந்த மடியிலும் கை வைப்பதில்லை, பாலெல்லாம் கன்றுக்கே என்று அவள் தகப்பன் வேண்டிக்கொண்டார். இரண்டும் பிழைத்தன. அதனால் சின்னக்காவுக்கு மோர் புளிக்குமா இனிக்குமா என்பதுகூடத் தெரியாது. வாழ்க்கைப்பட்டு வந்த வீடோ பெருமாளுக்கு நேர்ந்துகொண்ட வீடு. அங்கே மாமிசமும் போயிற்று. இரண்டு வீட்டு வேண்டுதலும் கழித்தது போக அவள் கையில் மிஞ்சியவை கேழ்வரகு, தட்டைப்பயறு, கீரை, புளி, பூண்டு, மிளகாய். மற்றவர்கள் நெய்யையும் மோரையும் வைத்துச் செய்கிற வேலையை அவள் மிளகாயைக் கொண்டே செய்ய வேண்டியிருந்தது.

வரமிளகாயைத் தணலில் புதைத்து, அது உப்பிக் கறுக்கும் நேரத்தில் எடுப்பாள். தோலோடு சுட்ட பூண்டு, மிளகு, புளி, கல்லுப்பு எல்லாம் சேர்த்து அம்மியில் மைய அரைப்பாள். அதுதான் காரம். பயறும் கீரையும் வெந்த தண்ணீரில் உப்புப் போட்டு இறக்கினால் உப்புச்சாறு. களி உருண்டையின் நடுவே குழி செய்து, சாற்றை ஊற்றி, ஓரத்தில் இரண்டு விரலால் காரத்தை வழித்து வைப்பாள். தின்றவன் முதலில் கண்ணைத் துடைப்பான், பிறகு மூக்கைத் துடைப்பான், அதற்கப்புறம்தான் பேசுவான்.

சந்தை நாள் தவிர, புரட்டாசி மாதத்துச் சனிக்கிழமைகளிலும் அவள் கடை போடுவாள். பெருமாளுக்கு விரதமிருப்பவர்கள் கிளப்புக் கடைகளை நம்ப மாட்டார்கள். எந்தக் கரண்டி எந்தப் பானைக்குள் போனதோ யார் கண்டது! சின்னக்காவிடம் கண்ணை மூடிக்கொண்டு உட்காருவார்கள். அவளுக்கு இரண்டு கட்டுப்பாடுகள் உண்டு. விரதக்காரர்கள் உண்ணும்முன் சமைத்தவள் நாக்கில் வைத்துப் பார்ப்பதில்லை. அம்மியை வீட்டுக்குச் சுமந்து போக முடியாது என்பதால் மரத்தடியிலேயே குப்புறக் கவிழ்த்துவிட்டுப் போவாள். கவிழ்ந்தது கவிழ்ந்தபடி இருந்தால் யாரும் தொடவில்லை என்று பொருள். கழுவித்தான் கவிழ்ப்பாள், எனவே மறுபடி கழுவுவது ஒரு செம்புத் தண்ணீரோடு சரி.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்று, புரட்டாசியின் மூன்றாம் சனி. காலையிலிருந்தே தூறல். அம்மி கவிழ்ந்தபடி இருந்தது. செம்புத் தண்ணீரை ஊற்றி அரைத்தாள். முப்பது பேருக்குக் குறையாமல் உட்கார்ந்தார்கள்.

"இன்னிக்கிக் காரம் என்னமோ தனியா இருக்குது சின்னக்கா."

"மழைக்கு நாக்கு ஏங்குது, அவ்ளோதான். சாப்புடுங்க."

எல்லாருக்கும் கடைசியாக வந்து ஓரமாக உட்கார்ந்தவர் தீர்த்தகிரி. அவள் புருஷன் வழியில் மாமா முறை. அவருடைய ஒரே மகன் ராஜாமணி பட்டாளத்தில் சேர்ந்து பர்மாப் பக்கம் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. ஆறு மாதமாகக் கடுதாசி இல்லை. பையன் திரும்புகிறவரை மாமிசம், பால், நெய் தொடுவதில்லை, முடி இறக்குவதில்லை என்பது அவர் வேண்டுதல். மாதக்கணக்கில் வளர்ந்த தாடி. அதற்குள் குருவி கூடு கட்டி மூன்று முட்டை இட்டிருப்பதாகச் சந்தையில் பேச்சு. ஊரில் யார் வீட்டிலும் கை நனைக்காதவர் சின்னக்கா கடையில் மட்டும் சாப்பிட்டார். அன்றைக்கு ஓர் உருண்டையை முடித்துவிட்டு, எப்போதும் இல்லாத வழக்கமாக, "இன்னொண்ணு போடும்மா" என்றார். அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

அவர் கை கழுவிவிட்டுத் தூறல் விடட்டும் என்று மரத்தின் மறுபக்கம் குந்தியிருந்தார். மற்றவர்கள் போய்விட்டார்கள். அப்போதுதான் புளி ஏற்றிச் செல்லும் வண்டிக்காரன் மாது வந்து நின்றான்.

"அக்கா, உன் கல்லு இருக்குதே, கல்லா அது? தங்கம். நேத்து பொழுதோட இங்கதான் மாட்ட அவுத்து வுட்டன். கையில கொஞ்சம் நெத்திலிக் கருவாடு இருந்துது. ரெண்டு இழுப்பு இழுத்தன், வெண்ணெயாட்டம் வந்துட்டுது."

சின்னக்காவின் கையிலிருந்த களிக்கோல் பானை விளிம்பில் இடித்தது.

"கவுந்தில்லடா இருந்துது?"

"இருந்துது. அதான் தொடச்சிட்டு, இருந்த மாதிரியே கவுத்து வச்சன். அடுத்தவங்க பொருள எடுத்தா எடுத்த மாதிரி வைக்கோணுமில்ல? எங்கம்மா என்னை அப்பிடித்தான் வளத்துது."

மாதுவைப் போல் ஒழுங்கானவன் அந்தச் சந்தைக்கே வந்ததில்லை. அம்மியை மல்லாக்கப் போட்டுவிட்டுப் போயிருந்தால் அவளுக்கு ஒரு நொடியில் தெரிந்திருக்கும்.

குனிந்து பார்த்தாள். போன மாதம்தான் கல்லைக் கொத்தியிருந்தாள். ஒவ்வொரு குழியும் ஆழமாக இருந்தது. ஒரு குழியில் கடுகளவுக்கு வெள்ளியாக ஏதோ மின்னியது. மிச்சக் காரத்தை விரலில் எடுத்து நாக்கில் வைத்தாள். சந்தேகமே இல்லை.

"முப்பது பேரு தின்னுட்டுப் போயிட்டாங்கடா பாவி. வெரதக்காரங்க."

மாது குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "வுடுக்கா. வயித்துக்குள்ள போனது யாருக்குத் தெரியப் போவுது? நீ சொன்னாத்தான் பாவம். சொல்லலன்னா அது வெறும் காரம்."

அவன் சொன்னதைச் சின்னக்கா உடனே தள்ளிவிடவில்லை. கடையை நினைத்தாள். அதைவிட மரத்துக்கு அந்தப் பக்கம் தெரிந்த தாடியை நினைத்தாள். சொன்னால், ஒன்றரை வருஷ வேண்டுதலைக் களிச்சட்டியில் போட்டு உடைத்தவள் ஆவாள். நாளைக்குப் பையனுக்கு ஏதாவது என்று தந்தி வந்தால்? சொல்லாவிட்டால், இனி ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்த மனிதர் கண்ணை மூடிக்கொண்டு உட்காருவதை அவள் கண்ணைத் திறந்துகொண்டு பார்க்க வேண்டும். அதுதான் அவளால் முடியாது என்று பட்டது.

போய் முன்னால் நின்றாள்.

"மாமா. இன்னிக்கி என் கல்லுல கருவாடு பட்டிருந்துதுங்க. எனக்குத் தெரியாது. இப்பத்தான் தெரிஞ்சுது. நீங்க சாப்ட்டது சுத்தமில்லைங்க."

தீர்த்தகிரி மழையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியும்" என்றார்.

"என்னங்க?"

"மொத வாயிலயே தெரிஞ்சிட்டுது. எங்க வூட்டுல ராஜாமணிதான் நெத்திலி அரைப்பான். அம்மியை வுட்டு எழுந்திருக்காதயே வழிச்சித் தின்னுடுவான், களவாணி. வாயில பட்டதும் பையன் பக்கத்துல வந்து குந்திக்கிட்ட மாதிரி இருந்துது." தாடியில் விழுந்த தூறலைத் துடைத்துக்கொண்டார். "மொத உருண்ட உன்னுது சின்னக்கா. தெரியாத போட்ட. ரெண்டாவது கேட்டு வாங்கினன் பாரு, அது என்னுது."

துண்டை உதறித் தலையில் போட்டுக்கொண்டு நனைந்தபடியே போய்விட்டார்.

அடுத்த சனிக்கிழமை, இலை போடும்முன் சின்னக்கா எல்லார் முன்னாலும் நின்று நடந்ததைச் சொன்னாள். மாதுவின் பெயரைச் சொல்லவில்லை. தேய்த்துக் கழுவாமல் விட்டது தன் தப்பு என்றாள். இரண்டாவது உருண்டையைப் பற்றி மூச்சு விடவில்லை. பாதிப் பேர் எழுந்து போனார்கள். ஒரு கிழவர் மண்ணை வாரித் தூற்றினார். காற்று எதிரே அடித்ததால் அது அவர் மேலேயே விழுந்தது. மிச்சம் இருந்தவர்களில் முதல் ஆளாக உட்கார்ந்தவர் தீர்த்தகிரி. ஓர் உருண்டை தின்றார். எழுந்துவிட்டார். அதற்குப் பிறகு எந்த நாளும் ஒன்றுக்கு மேல் கேட்டதில்லை.

போனவர்கள் திரும்பிவர அடுத்த தை ஆயிற்று. அதற்குள் சின்னக்கா அம்மியைக் கவிழ்ப்பதை நிறுத்தியிருந்தாள். மல்லாக்கவே போட்டு, மேலே ஒரு பூச்சுக் காரத்தைத் தடவிவிட்டுப் போனாள். தொட்டவன் யாராயிருந்தாலும் மறுநாள் கண்ணைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். காகம்கூட அந்தக் கல்லில் உட்காரவில்லை. வந்ததும் சாம்பல் போட்டு மூன்று தடவை தேய்ப்பாள். அதற்கப்புறம்தான் முதல் மிளகாய்.

யுத்தம் முடிந்து ஏழெட்டு மாதம் கழித்து ராஜாமணி வந்தான். கோயிலில் முடி இறக்கிவிட்டு, மழமழவென்ற தலையோடு தீர்த்தகிரி மகனை நேராகப் புளியமரத்தடிக்குக் கூட்டிவந்தார். தாடியில்லாமல் அவரைச் சின்னக்காவுக்கு அடையாளமே தெரியவில்லை. பையன் இலை முன்னால் வலது கையை வைத்தபோதுதான் பார்த்தாள். இரண்டு விரல்கள் இல்லை.

காரத்தை இரண்டு விரலால் வழிக்கப் போனவள், நிறுத்திவிட்டுக் கரண்டிக் காம்பைத் தேடினாள்.

"என் வெரலப் பாத்துட்டு பயந்துட்டீங்களாக்கா?" என்று சிரித்தான் ராஜாமணி. "சண்டையெல்லாம் இல்ல. லாரிக் கதவுல நானே வச்சு மூடிக்கிட்டன். தூக்கக் கலக்கம்."

"எப்ப?" என்றார் தீர்த்தகிரி. மகன் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். "எந்த வருசம்? எந்த மாசம்டா?"

"யாருக்குப்பா ஞாபகம்? மழ பேஞ்சிக்கிட்டிருந்துது. அங்க எப்பவும் மழதான்."

தீர்த்தகிரி தலையைக் குனிந்துகொண்டு களியைப் பிட்டார். மூன்று விரலால் பையன் அதைவிட வேகமாகத் தின்றான். கண்ணைத் துடைத்தான், மூக்கைத் துடைத்தான்.

"அக்கா, இன்னொண்ணு."

சின்னக்கா பையனைப் பார்க்கவில்லை. தகப்பனைப் பார்த்தாள்.

"போடும்மா" என்றார் அவர். "பசியோட வந்திருக்கான்."

போட்டாள். பிறகு மறுபடியும் உள்ளங்கையை நனைத்து, பானையிலிருந்து இன்னோர் உருண்டை உருட்டி, கேட்காமலேயே அவர் இலைக்கு மேல் கொண்டுவந்து நிறுத்தினாள். ஆவி பறந்தது. கை சுட்டது. அவள் கையைப் பின்னுக்கு இழுக்கவும் இல்லை, உருண்டையைப் போடவும் இல்லை.

தீர்த்தகிரி பையனின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இலையை ஒரு விரற்கடை முன்னால் நகர்த்தி வைத்தார்.