தையல் லைனில் சுற்றிய பரிசுச் சக்கரம்

1. ஒரு கை வேறு நீலம்

சரக்கை வாங்கும் வெளிநாட்டுப் பையர் அனுப்பிய இன்ஸ்பெக்டர் மூன்றாவது பெட்டியைத் திறந்து ஒரு டி-ஷர்ட்டை எடுத்தார். எடுத்தவர் நேராக ஜன்னல் பக்கம் போனார். நானும் பின்னாலேயே போனேன். சந்தேகம் வந்தால்தான் சரக்கை வெயில் வெளிச்சத்துக்குக் கொண்டு போவார்கள்.

"பாருங்க சார். பாடி ஒரு நீலம். லெஃப்ட் ஸ்லீவ் ஒரு நீலம்."

பார்த்தேன். டியூப் லைட்டில் ஒன்றாகத் தெரிந்த நேவி ப்ளூ, ஜன்னலில் இரண்டாகப் பிரிந்தது. அந்தப் பெட்டியில் மட்டும் ஏழு பீஸ் அப்படி. மொத்தப் பெட்டிகளையும் திறந்து பிரித்துக் காட்டச் சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

சின்ன முதலாளி, அதாவது கம்பெனியை இப்போது நடத்துகிற மகன், பதறவில்லை. "யாரோட பண்டல்னு டேப்லெட்ல பாருங்க" என்றார். இரண்டு நிமிடத்தில் பெயர் வந்தது. நான்காம் லைன், ஓவர்லாக் மெஷினில் சட்டைக்குக் கை வைத்துத் தைப்பது சரோஜா.

"அந்தக்காவ நாளையோட நிறுத்திரலாங்க. நீங்க ஒரு ரிப்போர்ட் எழுதிக் குடுத்துருங்க ஐயா. பையருக்கும் காட்டணும்."

நான் ஒர்க் ஸ்டடி ஆள். ஸ்டாப் வாட்சை வைத்துக்கொண்டு, ஒரு தையலுக்கு எத்தனை நொடி ஆகிறது என்று எண்ணுவதே முப்பத்தாறு வருட வேலை. ஓய்வுக்குப் பிறகும் வாரம் மூன்று நாள் வரச் சொல்லியிருந்தார்கள். சரோஜா மங்கலம் ஊரிலிருந்து வருகிறவர், பதினோரு வருட டெய்லர். ஷேடு மாற்றித் தைத்ததற்காக எழுத்தில் நிறுத்தினால் சாயங்காலத்துக்குள் சுற்று வட்டார கம்பெனிகளுக்கெல்லாம் தெரிந்துவிடும். அப்புறம் யாரும் மெஷின் தரமாட்டார்கள். டெய்லருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து துணி எடுத்துக் கொடுக்கும் கைமடி வேலைதான் மிஞ்சும். நான் எழுதப்போகும் ரிப்போர்ட்டில்தான் அது இருந்தது. 

2. டேப்லெட் வந்த கதை

ஐந்து மாதத்துக்கு முன் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனிப் பையன் வந்தான். மெஷினுக்கு ஒரு டேப்லெட் மாட்டினான். ஒயர் எல்லாம் எண்ணெய்த் தட்டுக்கு மேலே தொங்கியது. அதை மூன்று முறை சொன்னேன், மூன்று முறையும் தலையாட்டினான், கடைசியில் நானே கட்டி வைத்தேன்.

விஷயம் இதுதான். டெய்லர் ஒரு பண்டலை, அதாவது வெட்டிய துண்டுகளை எண்ணிக் கட்டிய ஒரு கட்டை, தைத்து முடித்ததும் அதன் டிக்கெட்டை ஸ்கேன் செய்ய வேண்டும். உடனே திரையில் ஒரு சக்கரம் சுற்றும். பாயிண்ட் விழலாம், ரீசார்ஜ் கூப்பன் விழலாம், மிக்ஸி விழலாம். பாயிண்ட் சேரச் சேர வெண்கலம், வெள்ளி, தங்கம், வைரம் என்று லெவல் ஏறும். ஒரு நாள் லீவு போட்டால் தொடர் அறுந்து, ஒரு லெவல் இறங்கிவிடும்.

"எத்தனை சுத்துக்கு ஒரு மிக்ஸி தம்பி?" என்று கேட்டேன்.

"அது சொல்லமாட்டோம் சார். தெரிஞ்சுட்டா த்ரில் போயிரும்."

"பீஸ் ரேட்ல ஒரு பீசுக்கு இவ்வளவுன்னு முன்னாடியே சொல்லிடறோமே?"

"அதனாலதான் சார் பீஸ் ரேட் போரடிக்குது" என்று சிரித்தான். செல்போன் கேம்களில் இப்படித்தான் செய்கிறார்களாம். மனுஷனுக்கு நிச்சயமான பத்தை விட, வருமா வராதா என்கிற நூறுதான் பிடிக்குமாம்.

எனக்கு ஒப்பவில்லை. ஆனால் முதல் மாதம் லைனின் எஃபிஷியன்சி ஏறியது உண்மை. டீ பெல் அடித்தும் எழுந்திருக்காத டெய்லர்களை அப்போதுதான் பார்த்தேன். சுவரில் ஒரு பெரிய டிவி வைத்தார்கள். எந்த லைன் எத்தனை பண்டல் ஸ்கேன் செய்திருக்கிறது என்று அதில் ஓடும். சின்ன முதலாளி வருகிற விருந்தாளிகளுக்கெல்லாம் அதைக் காட்டினார்.

3. பின்னால் உட்கார்ந்து எண்ணியது

இன்ஸ்பெக்டர் போன மறுநாள் காலை, ரிப்போர்ட் எழுதாமல் நான்காம் லைனுக்குப் போனேன். சரோஜாவுக்குச் செய்தி எட்டியிருந்தது. தலை நிமிராமல் தைத்துக்கொண்டிருந்தார்.

அவர் மேஜையைப் பார்த்ததும் எனக்குப் பாதி விளங்கியது. எங்கள் கட்டிங்கில் ஒரு பண்டலுக்கு இருபது பீஸ். அவர் மேஜையில் இருந்ததெல்லாம் ஐந்து ஐந்தாகக் கட்டிய குட்டிப் பண்டல்கள்.

"ஏம்மா, இது யாரு கட்டுனது?"

"கட்டிங்ல கட்டித் தர்றாங்க. நாங்கதானுங்க கேட்டோம்."

"எதுக்கு?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "இருவது பீசுக்கு ஒருக்கா சுத்தறதுக்கு, அஞ்சு பீசுக்கு ஒருக்கா சுத்தலாமில்லீங்க?"

அவ்வளவுதான். சாயப்பட்டறையில் ஒவ்வொரு லாட்டும், அதாவது ஒரே தடவையில் சாயம் ஏற்றிய துணியும், நிறத்தில் ஒரு சொட்டு கூடக் குறைய வரும். அதனால்தான் ஒரு லாட் பாடிக்கு அதே லாட் கையை வைத்துப் பண்டல் கட்டுகிறோம். பண்டலைப் பிரிக்கக் கூடாது என்பது இந்தத் தொழிலின் முதல் சட்டம். ஐந்து ஐந்தாகக் கட்டியதில் மேஜையில் நாலு மடங்கு முடிச்சுகள். அவசரத்தில் அவிழ்க்கும்போது ஒரு கட்டின் இடது கை வேறு லாட்டான பக்கத்துக் கட்டில் விழுந்தால், டியூப் லைட்டில் எவருக்கும் தெரியாது. சரோஜா மட்டுமல்ல, லைன் முழுக்க இதே கூத்து. அந்த ஏழு பீஸ் இவர் மேஜையில் மாறியது, அவ்வளவுதான் வித்தியாசம்.

"சூப்பர்வைசர் ஒண்ணும் சொல்லலையா?"

பக்கத்து மெஷின் பெண் முந்திக்கொண்டார். "டிவியில நம்ம லைன்தான் பஸ்ட்டு வருதுன்னு அவரே லட்டு வாங்கித் தந்தாருங்க."

ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து நூறு சுற்றை எண்ணினேன். சக்கரத்தில் பத்துக் கட்டம், எல்லாம் ஒரே அகலம். நிஜச் சக்கரமாக இருந்தால் மிக்ஸிக்கு இரு பக்கமும் உள்ள கட்டங்களில் ஐந்துக்கு ஒரு முறைதான் நிற்க வேண்டும். நான் எண்ணியதில் நாற்பத்தாறு முறை அங்கேதான் நின்றது. மிக்ஸியில் ஒரு முறைகூட இல்லை. நிற்கும்போதெல்லாம் லைனில் ஒரு "அய்யோ" கேட்கும். உடனே கை அடுத்த பண்டலுக்குப் போகும்.

சாஃப்ட்வேர் பையனுக்குப் போன் செய்தேன். அவன் மறைக்கவில்லை. "ரிசல்ட் முன்னாடியே சர்வர்ல முடிவாயிரும் சார். சக்கரம் சும்மா அனிமேஷன். பக்கத்துல வந்து நின்னாத்தான் அடுத்த ட்ரை பண்ணுவாங்க."

அவன் சொன்னதை நான் சொன்னதும் சரோஜா மெஷினை நிறுத்தினார். "அப்ப அது சுத்தறதே இல்லீங்களா? நாத்தனாரு ஊட்டுக் காதுகுத்துக்குக்கூட போகலீங்க நானு. தொடர் அறுந்துருமேன்னு."

4. மெஷினில் உட்கார்ந்த முதலாளி

சின்ன முதலாளியிடம் சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "எல்லாருக்கும் ஒரே மாதிரி டேப்லெட்தானுங்க? ஆசைப்பட்டுப் பண்டலைப் பிரிச்சது அவங்க தப்பு."

"தம்பி, ஒரு பத்து நிமிஷம் அந்த மெஷின்ல வந்து உக்காருங்க. அப்புறம் நீங்க சொல்ற மாதிரியே எழுதறேன்."

வந்தார். சரோஜா எழுந்து நின்றுகொண்டார். தைக்காமல் ஸ்கேன் மட்டும் செய்து பழகுகிற ட்ரெயினிங் டிக்கெட் ஒரு கட்டு கொடுத்தேன். முதல் ஸ்கேன், பாயிண்ட். இரண்டாவது, பாயிண்ட். மூன்றாவது மிக்ஸிக்குப் பக்கத்தில் நின்றது. "ச்சே" என்றார். வேகம் கூடியது. ரீசார்ஜ் கூப்பன் ஒன்று விழுந்ததும், சொந்தமாக நாலு கார் வைத்திருக்கிறவர், என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். மறுபடி மிக்ஸிக்குப் பக்கம். மறுபடியும்.

"போதும் தம்பி" என்றேன்.

"இருங்க ஐயா, இன்னும் ரெண்டு பாத்தா வெள்ளி வந்துரும்" என்று கையை நீட்டினார். கட்டில் டிக்கெட் தீர்ந்திருந்தது. நீட்டிய கையோடு மேஜையைத் தேடினார்.

சரோஜா ஒரு பண்டலை அவர் பக்கம் நகர்த்தினார். "இதைப் பிரிச்சுக்குங்க சின்ன முதலாளி. ஒண்ணொண்ணாக் கட்டுனா அஞ்சு டிக்கெட் தேறும்."

லைனே சிரித்தது. அவருக்குக் காது வரை சிவந்தது. நல்லவேளை, அவரும் சிரித்துவிட்டார்.

ரிப்போர்ட்டில் நான் சரோஜா பெயரை எழுதவில்லை. ஸ்கேனுக்குப் பரிசு வைத்ததால் பண்டல் சிறுத்தது, பண்டல் சிறுத்ததால் லாட் கலந்தது என்று எழுதினேன். சின்ன முதலாளி கையெழுத்துப் போட்டார்.

"சக்கரத்த எடுத்தறலாங்க. அக்கா, நீங்க வேலையப் பாருங்க."

சரோஜா நகரவில்லை. "எடுங்க. அந்தப் பரிசுக்குன்னு ஒதுக்குன காசு?"

"அது..."

"அதைப் பீஸ் ரேட்டுல சேத்துருங்க. மிக்ஸி நாங்களே வாங்கிக்கறோம்."

5. கற்றுக்கொண்டது

சேர்த்தார். ஒரு பீசுக்குச் சில காசுகள்தான் கூடின. பெட்டிகளை எல்லாம் ஜன்னல் ஓரத்தில் கொட்டிப் பிரித்து அனுப்பப் பத்து நாள் ஆனது. எஃபிஷியன்சி இறங்கியது. சக்கரம் சுற்றிய நாட்களின் அளவுக்கு அது திரும்ப ஏறவேயில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களிடம் எனக்குச் சொல்ல இருப்பது ஒன்றுதான். லைனில் என்ன ஊக்கத் திட்டம் கொண்டுவந்தாலும், சாயங்காலம் மெஷினை அணைக்கிற டெய்லர் இன்று தனக்கு எவ்வளவு என்று மனக்கணக்காகச் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் அந்தத் திட்டத்தை வைக்காதீர்கள். எதை எண்ணிப் பரிசு தருகிறீர்களோ, ஆட்கள் அதைத்தான் பெருக்குவார்கள். நாங்கள் எண்ண வேண்டியது பீஸ். எண்ணியது பண்டல்.

போன வாரம் சரோஜாவிடம், சக்கரம் இல்லாமல் எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"சப்புன்னு இருக்குதுங்க" என்றார். ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே, "ஆனா நாளைக்கு லீவுங்க. தங்கச்சி மவனுக்கு மொட்டை அடிக்கறாங்க, போயிட்டு வந்தறேன்" என்றார்.