ஃபிளாப்பிக்கு வைத்த பொட்டு

சின்ன காஞ்சிபுரத்தில் பட்டுப்புடவை டிசைன்களை கம்ப்யூட்டரில் வரையும் சென்டர் வைத்திருந்தேன். எல்லாம் தெரியும் என்ற திமிர் வேறு. ஆயுத பூஜையன்று மானிட்டர் முதல் மவுஸ் வரை சந்தனம், குங்குமம் வைத்தேன். தறிக்கார மல்லிகாவின் ஃபிளாப்பியையும் விடவில்லை. அவர் மூன்று மாதம் வந்து வரைந்த யாளி பார்டர் அதில் மட்டும்தான் இருந்தது.

மறுநாள் அது திறக்கவில்லை. ஃபிளாப்பியின் ஓரத்து உலோகத் தகட்டை நகர்த்தினால் உள்ளே சந்தனம். வெளியே தெரிந்ததை அவசரமாகத் துடைத்தேன்.

"மட்டமான ஃபிளாப்பிம்மா, போச்சு" என்று மல்லிகா வந்ததும் சொன்னேன்.

அவர் அதன் பிளாஸ்டிக் கூட்டை நகத்தால் பிளந்தார். உள்ளிருந்த கறுப்பு வட்டத்தில் மஞ்சள் திட்டு. எனக்குக் காது சுட்டது.

"பட்டுல கறை பட்டா அலசறோம்ல, இதையும் அலசிப் பாக்கலாம்ணா."

நல்ல தண்ணீரில் மெதுவாக அலசி, ஃபேனடியில் உலர்த்தி, புது ஃபிளாப்பியின் கூட்டுக்குள் அதை வைத்தோம். திரையில் யாளி வந்தது. உடனே காப்பி எடுத்தேன். மல்லிகா சிரித்தார், சந்தனத்தைப் பற்றிக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அடுத்த ஆயுத பூஜைக்கு அதே ஃபிளாப்பியை பிளாஸ்டிக் கவரில் போட்டு, நாலு பக்கமும் ஒட்டிக் கொண்டுவந்தார்.

"பொட்டு வைங்கண்ணா."

சந்தனம் தொட்ட விரல் நகரவில்லை. "போன வருஷம் அதைக் கெடுத்தது நான்தாம்மா" என்றேன்.

"அன்னைக்கே தெரியும்ணா. அதான் கவர் போட்டுக்கினு வந்தேன்."